டெல்மரின் கூவல்

மூன்றாவது தடவையாக இசைத்தட்டின் மேல் ஊசியைத் தூக்கி அதே இடத்தில் வைத்தார் டெல்மர். கிட்டார் ஓய்ந்தது, பாட்டு நின்றது, கைதட்டல் வந்தது. கூவல் மட்டும் வரவில்லை.

"நெல்டா, என் கூவலைத் திருடிட்டானுங்க."

"ஸ்பீக்கர் ஒயரைப் பாருங்க," என்றாள் மனைவி, தட்டைப்பயறு உரிப்பதை நிறுத்தாமல்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பாடகர் கிளீட் ராலின்ஸ் டிட்மர் ஊர் டான்ஸ் ஹாலுக்கு வந்து பாடினார். இரண்டாம் பாட்டு முடிந்த நொடியில் இளவட்டம் டெல்மர் அடிவயிற்றிலிருந்து ஒரு கூவல் போட்டார். 'டிட்மர் ஹாலில் ஒரு சனிக்கிழமை' என்ற இசைத்தட்டு வந்தபோது அதே இடத்தில் கூவலும் இருந்தது. டெக்சாஸ் முழுக்க அதற்கு ரசிகர்கள். டெல்மர் விற்பது பழைய பிக்கப் வண்டிகள். பேரம் இழுத்தால் ஒரு கூவல் போடுவார். வந்தவன் சிரித்துக்கொண்டே கை குலுக்கிவிடுவான். சிரித்தவன் டயரைப் பார்ப்பதில்லை.

இப்போது அந்த இசைத்தட்டுக்கு மறுபதிப்பு வந்திருக்கிறது; அவர் போட்டுப் பார்த்தது அதைத்தான். வருகிற சனிக்கிழமை ஹாலில் விழா. டெல்மர் நின்ற தூணில் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு பதிக்கப்போகிறார்கள். அதே விழாவில், ஊர் கூடியிருக்க, இந்த ஊமைத் தட்டையும் போடுவார்கள்.

ட்வைலாவின் இசைத்தட்டுக் கடைக்கு ஓடினார். உன் சரக்கில் கோளாறு, வேறு கொடு என்று சண்டை போட்டார். அவள் நான்கு தட்டைப் பிரித்து, கடையின் பெரிய ஸ்பீக்கரிலேயே போட்டுக் காட்டினாள். நான்கிலும் கூவல் இல்லை. அதுவரை டெல்மருக்கும் நெல்டாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம், கடையில் நின்ற ஆறு பேருக்குத் தெரிந்துபோனது. அவர் வீடு திரும்புவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

நாஷ்வில்லில் இருக்கும் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டார். கெல்சி என்ற பெண் பாகு மாதிரி பேசினாள்.

"பழைய டேப்புல இருந்த இரைச்சலையெல்லாம் சுத்தம் பண்ணிட்டோம் சார். நடுவுல நாய் ஊளையிடற மாதிரி ஒண்ணு. அதை எடுக்கவே எங்காளுக்கு ரெண்டு நாள் ஆச்சு."

அடுத்த ஐந்து நிமிஷம் டெல்மர் பேசியதைக் கேட்டு நெல்டா ஜன்னலைச் சாத்தினாள். கெல்சி கோபப்படவில்லை. அது மனுஷக் குரல்தான் என்று அன்றைக்கு ஹாலில் இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பழையபடி சேர்க்கலாம் என்றாள்.

தீவனக் கடை, லூத்தரன் சர்ச், பார்பிக்யூ கடை என்று அலைந்து கையெழுத்து வாங்கினார். ஹாலில் நூற்றைம்பது பேர்தான் கொள்ளும். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அன்றைக்கு அங்கே இருந்ததாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் அதில் மூன்று பேர், கூவியது தாங்கள்தான் என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் நெல்டாவின் தம்பி ஆர்லிஸ்.

பார்பிக்யூ கடையில் வைத்தே அவனைப் பிடித்தார்.

"மச்சான், நீங்க கூவலைன்னு நான் சொல்லல. ரெக்கார்டுல விழுந்தது என்னோடது."

"நீ அன்னைக்குக் கொல்லைப்பக்கம் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தடா."

"எடுத்துட்டு வந்துதான் கூவினேன்."

சாஸ் பாட்டில் பறந்தது. ஊர் நான்கு கட்சியானது. விழாக் கமிட்டி பித்தளைத் தகட்டில் டெல்மர் பெயரின் மேல் காகிதம் ஒட்டி மறைத்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து, நீயே தீர்ப்புச் சொல் என்று கெல்சியிடம் மறுபடி கத்தினார்.

அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வெண்டல் கிரப்னு ஒருத்தர் இருக்கார் சார். அந்த ரெக்கார்டை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் தனியாளா பதிவு பண்ணவர். மெஷின் பக்கத்துல அவரைத் தவிர ஒரு ஆள் கிடையாது. எண்பத்தாறு வயசு, ஞாபகம் கத்தி. சனிக்கிழமை அவரையே அனுப்பறோம்."

சனிக்கிழமை ஹால் பிதுங்கியது. கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் வந்திருந்தார்கள். டிவிக்காரன் கேமராவோடு வந்திருந்தான். நான்கு தூணிலும் நான்கு கூவல்காரர்கள் விறைத்து நின்றார்கள். வெண்டல் தடியூன்றி உள்ளே நுழைந்ததும் டெல்மர் மற்ற மூவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

"ஐயா, நான் இந்தத் தூண்கிட்ட நின்னேன். இந்தத் திருட்டுப்பய ஆர்லிஸ் வெளிய கிடந்தான். உங்க மைக் எங்க தொங்குச்சு, யார் கூவல் அதுல விழுந்துச்சு, இவனுங்க மூஞ்சிக்கு நேரா நீங்களே சொல்லுங்க."

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். உத்தரத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். நான்கு தூணையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்.

"ரொம்ப அழகான ஹாலுங்க," என்றார். "இன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன்."