கிடாரத்தாரும் குசினி வாசலும்

நயினாதீவில் கிடாரத்தாரைப் போலச் சமைத்தவர் எவருமில்லை. அவரைப் போல வீட்டுச் சமையலறையான குசினிக்கு அஞ்சியவரும் எவருமில்லை. திருவிழாவின்போது கோயில் மடத்தில் ஆயிரம் பேருக்குச் சோறாக்குவார். அங்கே அடுப்பேறும் பெரிய அண்டாக்களான கிடாரங்களால் வந்த பெயரே அது. தம் வீட்டிலோ, குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் குசினி வாசலுக்கு வெளியே நின்றுதான் கேட்பார்.

ஒருமுறை அவருடைய மனைவி தங்கம்மா அக்காவுக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு மாதத்துக்குப் பாரம் தூக்கினால் தையல் பிரிந்துவிடும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். வீட்டில் வேறு எவருமில்லை. அயலவர் கொடுத்த சாப்பாடும் ஒரு கிழமையில் நின்றுபோயிற்று.

சமூகவியல் படித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த பக்கத்து வீட்டுக்காரனான நான், தலையிடுவது கடமை எனக் கருதினேன். ஆண், பெண் என்ற உடல் வேறுபாடு பிறப்பில் வருவது. இன்ன வேலை இன்னாருக்கு என்பது சமூகம் பழக்கிவிட்டது எனக் கிடாரத்தாருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, நூறு பேருக்குச் சமைச்சால் அது தொழில். ரெண்டு பேருக்கெண்டால் பொம்பிளையளின்ரை வேலை.”

“எத்தினை பேரிலை மாறுது அண்ணை?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “ஒரு இருபத்தைஞ்சு வரும்.”

மறுநாள் முற்றத்தில் பந்தல் போட்டு, கிடாரம் ஏற்றினார். படகுக்குப் போனவர்களை மறித்து ஆள் சேர்த்தார். இருபத்தைந்தாவது ஆள் நான். அதன் பின்பே அடுப்பு மூண்டது. அரிசி தட்டுப்பாடான காலம்; வீட்டிலிருந்த கூப்பன் அரிசி முழுவதும் அன்றே கஞ்சியாகித் தீர்ந்தது.

அடுத்த நாள் நான் கொஞ்சம் அரிசி கொண்டுபோனேன். ஆள் சேர்க்க அது போதாது. அக்கா மெல்ல எழுந்து, குசினிக்குள் போய்த் தண்ணீர்ப் பானையைத் தூக்கக் கை வைத்தார்.

“விடும்! அதை விடும் எண்டுறன்!”

கிடாரத்தார் மடத்தில் செய்வதுபோலச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். என்னை ஒருமுறை முறைத்துவிட்டுப் படி தாண்டினார்.

அன்று சோறு இரண்டு பேருக்கு. உப்பு மட்டும் மடத்துக் கணக்கு. அக்கா கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார்.

“எப்பிடி?”

“பறவாயில்லை. நாளைக்கும் ஆக்குங்கோ.”

இரண்டு மாதம் கடந்தது. ஒரு மாலை, அக்கா கிணற்றில் மளமளவெனத் தண்ணீர் அள்ளுவதை வேலிக்கு இப்பால் நின்று கண்டேன். வீட்டு வாசலில் நின்ற கிடாரத்தாரும் கண்டார்.

மறுநாள் காலையிலும் அவர் அக்காவிடம் வழக்கம்போலக் கேட்டது என் வீடுவரை ஒலித்தது.

“இஞ்சரும், இண்டைக்கும் ஏலாதோ?”

“ஏலாது.”

சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.