லச்சுமிக்கு ஹீட்டு

"தலையே போனாலும் டேபிள் ஃபேன் மாட்டுக் கொட்டாய்க்குப் போகாது" என்று திம்மராயன் சபதம் போட்டார். ஓசூர் ஃபேக்டரியில் அவருக்கு நைட் ஷிப்ட். பகலில்தான் தூக்கம். சித்திரை வெயிலில் அந்த ஃபேன் இல்லாவிட்டால் தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாவிட்டால் மிஷினில் விரல் போய்விடும்.

மனைவி வெங்கடம்மாளுக்கு வேறு கவலை. ஜெர்சிப் பசு லச்சுமி வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. தீனியைத் தொடவில்லை. ஒன்பது லிட்டர் கறந்தது நாலரைக்கு இறங்கிவிட்டது.

"வெக்கை தாங்கலைங்க. ஃபேனைக் குடுங்க."

"டாக்டரைக் கேக்காம ஒண்ணும் கிடையாது!"

மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் பேசியதில் பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். காவேரிப்பட்டினத்துக்காரரான இவருக்குப் பிடிபட்டது ஒரே வார்த்தை: ஹீட். மாடு வைத்திருப்பவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். பசு காளை தேடுகிறது! துள்ளிக் குதித்து வீடு வந்தார்.

"ஏம்மே, ஃபேனெல்லாம் வேணாம். ஹீட்டாம். சினை ஊசி போட்டா சரியாயிடும்."

"அது அஞ்சு மாசச் சினைங்க!"

"சினையா? யாரைக் கேட்டு?"

"நீங்கதானே கார்த்திகையில ஊசி போட ஓட்டிட்டுப் போனீங்க! டாக்டர் சொன்ன ஹீட்டு வெயில் சூடு."

"அப்ப அந்த ஹீட்டு?"

"அது வேற."

"இங்கிலீஷ்காரனுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?"

குழம்பிப்போனாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. "கொட்டாய்ல என்ன சூடு? நாலு பக்கமும் காத்து. அது ஊட்டி!"

"அப்படியா? அப்ப நீங்க ஊட்டியில படுங்க. லச்சுமி உள்ள ஃபேன் முன்னாடி படுக்கட்டும்."

வீறாப்பாகக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கொட்டாய்க்குப் போனார். லச்சுமி வீட்டுக்குள் போனது. மேலே தகரம் கொதித்தது. அரை மணியில் லச்சுமியைப் போலவே இவரும் வாயைப் பிளந்தார்.

"ஏம்மே! மனுசன் இருக்க முடியுமா இங்க? ஃபேனைக் கொண்டா!"

வெங்கடம்மாள் வேலிப்பக்கம் திரும்பினாள். "மாரம்மா, கேட்டியா? கொட்டாய்க்கு ஃபேன் வேணும்னு அவரே கேக்கறாரு."

"கேட்டேன், கேட்டேன்" என்றாள் பக்கத்து வீட்டு மாரம்மா.

திம்மராயனே வயர் இழுத்தார். திம்மராயனே கம்பத்தில் ஃபேனைக் கட்டினார். சிலுசிலுவென்று காற்று வந்து கண் சொருகும் நேரம், லச்சுமியின் கயிற்றோடு வெங்கடம்மாள் வந்து நின்றாள்.

"எழுந்திரிங்க. வீடெல்லாம் சாணி போட்டுட்டா. அவ இடத்தை விடுங்க."

தன் வாயால் கேட்டு, தன் கையால் கட்டிய ஃபேன் எப்படி மாட்டுக்குப் போனது? உள்ளே வெறும் பாயில் புழுங்கியபடி யோசித்தார். விளங்கவில்லை. பயமாகக்கூட இருந்தது.

திடீரென்று கரண்டு போனது. வெங்கடம்மாள் பனையோலை விசிறியோடு வந்தாள். அவருக்கு மனசு உருகிவிட்டது. என்ன இருந்தாலும் கட்டியவள்! கண்ணை மூடிச் சுகமாக மல்லாந்தார்.

"தூங்கிடாதீங்க" என்று விசிறியை அவர் கையில் திணித்தாள். "ஃபேன் நின்னுபோச்சு. லச்சுமிக்கு வீசுங்க, போங்க."