பாய்லர் அண்ணனும் பக்கத்து நட்சத்திரமும்

பாய்லர் அண்ணனை விடக் கோபக்காரர் புதுக்கோட்டையில் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் இருவரில் ஒருவர் ஊரைக் காலி செய்திருப்பார்.

மீமிசல்காரர், விடுதியில் என் அறைத்தோழர். நான் ஆங்கில எம்.ஏ., அவர் இயற்பியல் ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று டீக்கடையில் ஒரே ஒரு முறை கேட்டுத் தொலைத்தேன்.

"வெள்ளைக் குள்ளன் ஆராய்ச்சி. வெள்ளைக் குள்ளன்னா செத்துச் சுருங்கிப்போன நட்சத்திரம். பக்கத்து நட்சத்திரத்தோட வாயுவை இழுத்துக்கும்" என்று என் வடையை இழுத்துக்கொண்டார். "அது விழுகுற வேகத்துல கொதிச்சு எக்ஸ்ரே வரும். வெளங்குச்சா?"

வடை போனது விளங்கியது. அதன்பின் யார் விளக்கம் கேட்டாலும் என் தட்டுதான் பக்கத்து நட்சத்திரம். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பூமியின் காற்று எக்ஸ்ரேயைத் தடுத்துவிடுமாம். செயற்கைக்கோள் பதிவை நம்பிப் பிழைக்க வேண்டியிருக்கிறதே என்று மொட்டை மாடியில் நின்று காற்றையே திட்டியவர் அவர்.

அவருடைய நட்சத்திரத்தின் எக்ஸ்ரே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கூடிக் குறைந்தது. குள்ளன் தன்னைத்தானே சுற்றுகிறான் என்று ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினார். அது வெளிவந்தால்தான் டாக்டர் பட்டம். உதவித்தொகையோ அந்த வருடத்தோடு சரி. பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர், 'செயற்கைக்கோள் பூமியைச் சுற்றவும் அதே நேரம்தானே ஆகிறது, சரிபார்த்தீர்களா?' என்று கேட்டுவிட்டார்.

"எனக்கே சொல்லித் தாரானா அவன்?"

நான்கு பக்கம் பதில் எழுதினார். ஆங்கிலத்தில் அத்தனை வசவு இருப்பதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. வசவை எடுத்து மரியாதை போடுவது என் வேலை. மூன்று பக்கத்தை அடித்து நீக்கியதில் என்னோடும் பேச்சை நிறுத்தினார். கணக்குப் போட்டு அந்த ஆள் மூஞ்சியில் வீசப்போவதாக லேப்டாப்பிடம் சொன்னார்.

ஒரு மதியம் மெஸ்ஸில் உப்பில்லாத சாம்பாரைச் சத்தம் போடாமல் சாப்பிட்டார். பயந்துவிட்டேன்.

"என்னண்ணே?"

"அவரு சொன்னதுதான் தம்பி சரி. சுத்துனது சேட்டிலைட்டு."

"எதையாவது எழுதிச் சமாளிங்கண்ணே. பட்டம் போயிருமே."

அவருடைய நிஜக் கோபத்தை அன்றுதான் பார்த்தேன். "நட்சத்திரம் செய்யாததச் செஞ்சதா எழுதச் சொல்றியா?" மெஸ்ஸே எழுந்து நின்றது.

'நீங்கள் சொன்னது சரி. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். நன்றி.' திருத்தித் தரச் சொல்லி நீட்டினார். அதில் நான் கை வைக்க ஒன்றுமில்லை.

வேறொரு நட்சத்திரத்தை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். உதவித்தொகை நின்ற நாளிலிருந்து நான் டீக்கடையில் இரண்டு வடை வாங்கத் தொடங்கினேன், ஒன்றை அவர் இழுத்துக்கொள்ளட்டும் என்று.