பின்னால் போன பாட்டுக் குழு

இந்தத் திருவண்ணாமலையில் என் வயிற்றெரிச்சலை நடவு சார் அளவுக்குக் கொட்டிக்கொண்டவர் யாருமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் பாட்டு டீச்சராக இருந்த பள்ளிக்கு இரண்டாவது பாட்டு வாத்தியாராக வந்து சேர்ந்தார். ஒரு பள்ளிக்கு எதற்கு இரண்டு பேர் என்று அன்றைக்கே கேட்டேன்.

நான் கீர்த்தனை சொல்லிக்கொடுத்தேன். அவரோ நாட்டுப்புறப் பாட்டைப் பிடித்து வந்து, கீழ்க்குரல், நடுக்குரல், மேல்குரல் என்று பிரித்துப் பிள்ளைகளைச் சேர்ந்து பாட வைப்பார். நடவுப் பாட்டு கேட்க அடி அண்ணாமலை கிராமத்துக்குப் போனவரிடம், கையில் நாற்று இல்லாமல் தங்களுக்குப் பாட வராது என்று அங்கிருந்த பெண்கள் சொல்லிவிட்டார்களாம். மனிதர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். நடவு சார் என்ற பெயர் அதில்தான் வந்தது. அடுத்த வகுப்பிலிருந்து பிள்ளைகளெல்லாம் குனிந்து, துடைப்பக் குச்சியைத் தரையில் நடுவதுபோல் வைத்துக்கொண்டே பாடினார்கள்.

“நிமிந்து நின்னு பாடினா என்ன சார்?” என்றேன்.

“நிமிந்தா பாட்டு அறுந்துடுது டீச்சர். நீங்களே குனிஞ்சு பாருங்களேன்.”

குனிவேனா நான்?

ஆண்டு விழாவில் யார் குழு நன்றாகப் பாடுகிறதோ, அவரிடமே பள்ளியின் பாட்டுக் குழுவை முழுதாக ஒப்படைப்பதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. விழாவில் என் பிள்ளைகள் பட்டுப்பாவாடையில் ஆடாமல் அசையாமல் நின்று, சுருதி பிசகாமல் பாடினார்கள். வேங்கிக்காலில் இருக்கும் அரசு ஆபீஸிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் வாய் நிறையக் கொட்டாவி விட்டார்.

அடுத்து நடவு சார் குழு. நடவு என்றால் நட்டுக்கொண்டே பின்னால்தானே நகர வேண்டும்? நகர்ந்தார்கள். மேடை எவ்வளவு ஆழம் என்று மட்டும் மனிதர் பார்க்கவில்லை. முதலில் பின்வரிசை திரைக்குள் போனது. பிறகு நடுவரிசை. கடைசியில் மேடை காலி. திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது, மலைக்கு அந்தப் பக்கம் யாரோ பாடுவது போல.

தொலைந்தார் மனிதர் என்று மனத்துக்குள் குதித்தேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. திரைக்குள் போய் மறைந்த அந்த யோசனைதான் பிரமாதம் என்றார் விருந்தினர்.

குழு அவருக்குப் போனது. மறுநாள் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“எம் புள்ளைங்களுக்குச் சுருதி கம்மி டீச்சர். நீங்களும் கூட நின்னீங்கன்னா தைரியமா இருக்கும்.”

பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டாரே என்று அதற்கும் வயிறு எரிந்தது. ஆனாலும் போனேன். சில வருடங்கள் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து சொல்லிக்கொடுத்தோம். பிறகு அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். குழு முழுதாக என் கைக்கு வந்தது. ஆசைப்பட்டது கிடைத்த சந்தோஷத்தோடுதான் வகுப்புக்குள் நுழைந்தேன். பொறாமைப்பட ஆளில்லாமல் அழுகை வந்துவிட்டது.