நெருப்பைக் கீழே கொட்டியவன் எழுதிக்கொண்டது

என்மேல் உள்ள பாசமும் கோபமும் ஒருநாளும் குறையாத அக்காவுக்கு, உன் ஒரே தம்பி, வலது தோளைத் தூக்க முடியாமல், மேசைமேல் கையைக் கிடத்தி வைத்துக்கொண்டு எழுதுவது.

இங்கே நானும் உன் தம்பி மனைவியும், எங்கள் நான்கு முழங்கால்களில் இரண்டைத் தவிர்த்து, நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் மீன் தொட்டியும் நலம் என்று நம்புகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. “அறுபத்தஞ்சு வயசுல கரி அள்ளிக் கொட்டவா உன்னைப் படிக்க வச்சாங்க?” என்ற முதல் வரியிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன். நீ சொல்வதெல்லாம் சரி. நீ கேட்ட மூன்றுக்கும் சம்மதம். இன்ஜின் சங்கத்திலிருந்து விலகுகிறேன். இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த மாதம் உங்கள் மாடி அறைக்கு இருவரும் வந்துவிடுகிறோம். அத்தானோடு தினமும் பூங்காவில் நடக்கிறேன், அவர் மீன்களைப் பற்றிப் பேசினாலும் நடக்கிறேன். மாடிக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லிவிடு. ஆனால் நடந்ததை நீ அரைகுறையாகக் கேட்டிருக்கிறாய். இன்ஜின் வெடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் எனக்கு இவ்வளவு அவமானம் இருந்திருக்காது.

முப்பத்து மூன்று வருடம் மூக்குக் கண்ணாடிக் கடையில் நின்று, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று ஊரையே கேட்டவன் நான். பணி ஓய்வு பெற்ற வாரத்தில் பல் டாக்டருக்குப் புதுக் கண்ணாடியைக் கொடுக்கப் போனேன். அவர் வீட்டில் இல்லை, மூடிப்போன சிமெண்ட் ஆலையின் பின்கொட்டகையில் இருக்கிறார் என்றார்கள். அங்கே போனால், புகைபோக்கிக்குள் மரம் முளைத்த ஒரு பழைய நீராவி ரயில் இன்ஜினுக்கு அடியிலிருந்து டாக்டரின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான். கண்ணாடி கொடுக்கப் போனவன் கையெல்லாம் துருவோடு வீடு திரும்பினேன். ஒன்பது பேர் கொண்ட அந்தச் சங்கத்தில் இன்ஜினுக்குப் பெயர் பெரியம்மா. எழுந்திருக்க ஆறு மணி நேரம் ஆகும், எழுந்தால் ஊரையே எழுப்பிவிடுவாள், மூச்சுக்கு மூச்சு தண்ணீர் கேட்பாள் என்பதால் அந்தப் பெயர். ஏழு வருடம், அக்கா. மரத்தை வெட்டினோம், துருவைச் சுரண்டினோம், கொதிகலனுக்குள் ஓடும் நூற்றுப் பன்னிரண்டு குழாய்களையும் நான்தான் கம்பி விட்டுக் குடைந்தேன். ஆனால் ஓட்டும் கைப்பிடியை மட்டும் என் கையில் யாரும் தரவில்லை. கொட்டகையில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் எழுதிய வரிசைப்படிதான் ஓட்ட வேண்டும், அதுதான் சங்கத்தின் வேதம். நான் ஒன்பதாவது. எட்டாவது ஆள் ஓட்டி முடித்ததும் ஏதாவது ஒன்று உடையும். அதைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆகும். சரிசெய்த பிறகு, ஒத்திகை என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

போன சனிக்கிழமை பொதுமக்களை ஏற்றிக்கொண்டு முதல் ஓட்டம். ஓட்ட வேண்டியவர் சங்கச் செயலாளர். அவருக்கு வியாழக்கிழமை கண்புரை அறுவை சிகிச்சை நடந்து ஒரு கண்ணைக் கட்டிவிட்டார்கள். எங்களில் உண்மையாகவே வேலை தெரிந்த ஒரே ஆளான வெல்டர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். “சார், அடுத்த பேர் உங்களதுதான். நான் பக்கத்துலயே இருக்கேன், பயப்படாதீங்க” என்றார். சங்கத்துக்கு இருப்பது ஒரே ஒரு டிரைவர் தொப்பி, அதுவும் யாருடைய தலைக்கோ தைத்தது. எல்லோருக்கும் காதுவரை இறங்கும், எனக்குக் கண்ணாடிவரை இறங்கியது. கரி போடும் பொறுப்பு பல் டாக்டருக்கு. அவர் சொத்தைப் பல்லை அடைப்பது போல ஒவ்வொரு கட்டியாக இடம் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார், யானைப் பசிக்குச் சோளப்பொரி. “டாக்டர், அது பல்லு இல்ல, வயிறு! வாரிப் போடுங்க!” என்று வெல்டர் கத்திய பிறகுதான் நீராவி அழுத்தம் காட்டும் முள் ஏறியது.

பதினொரு மணிக்கு ஆலையின் பழைய தண்டவாளத்தில் கிளம்பினோம். கோபப்படாமல் இந்த ஒரு பத்தியை மட்டும் படி, அக்கா. கைப்பிடியை இழுத்தேன். ஒரு விநாடி ஒன்றுமே நடக்கவில்லை, என் ராசி அப்படித்தான் என்று நினைத்தேன். அப்புறம் காலடியில் இருந்த இரும்பு மெதுவாக மூச்சை இழுத்தது. தரை நகர்ந்தது. நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்த இரண்டு பெட்டிகளும் சங்கிலி இறுகும் சத்தத்தோடு என் பின்னால் வந்தன. நான் இழுத்தால் வேகம் கூடுகிறது, தள்ளினால் குறைகிறது, நான் சொன்னதை ஒன்று கேட்கிறது! நம் வீட்டில் என் பேச்சை யார் கேட்டார்கள் என்று உனக்கே தெரியும். முகத்தில் சூடு, முதுகில் காற்று, வாயில் கரி, ஊதலை இழுத்தால் வரப்பில் நின்ற கொக்கெல்லாம் எழும்புகிறது. நான் அழுதேன். புகை பட்டுவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன், புகை பட்டது போலவே அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம். என் வாழ்நாளில் நான் சந்தோஷமாக இருந்த நேரத்தைக் கூட்டினால் அதில் இந்தப் பன்னிரண்டும் கட்டாயம் வரும்.

சாலை குறுக்கிடும் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். வெல்டர் இறங்கி, அங்கே காத்திருந்த செயலாளரோடு கேட்டை மூடப் போனார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். இதை உனக்கு விளக்க வேண்டும். டிரைவரின் மூக்குக்கு நேரே ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். கொதிகலனில் எந்த மட்டத்தில் தண்ணீர் இருக்கிறதோ அந்த மட்டத்தில் குழாயிலும் கோடு தெரியும். தண்ணீர் இல்லாமல் நெருப்பு எரிந்தால் கொதிகலன் கெட்டது, நாமும் கெட்டோம். நான் பார்த்தபோது கோட்டைக் காணோம். மேலிருந்து கீழ்வரை குழாய் பளிச்சென்று இருந்தது. முழுக்கக் காலியாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும், முழுக்க நிரம்பியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவதற்காகவே குழாய்க்குப் பின்னால் சாய்வுக்கோடு போட்ட ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இருந்தால் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும், இல்லாவிட்டால் இருந்தபடி தெரியும். கண்ணாடி வழியே பார்த்தால் எது எப்படி மாறித் தெரியும் என்பதுதான் முப்பத்து மூன்று வருடம் எனக்குச் சோறு போட்ட வித்தை. அந்தத் தகட்டுக்குப் பெயிண்ட் அடித்தவனும் நானே. எனக்கு அந்த நிமிடம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. மேலே நான் கைப்பட எழுதி மாட்டிய பலகை மட்டும்தான் கண்ணில் பட்டது: ‘தண்ணீர் தெரியாவிட்டால் யோசிக்காதே, நெருப்பை எடு.’

அந்த நேரம் பார்த்து உன் தம்பி மனைவி, முன்பெட்டியிலிருந்து இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, என் பிரஷர் மாத்திரையோடு இன்ஜின் படியில் ஏறி வந்தாள். அவள் இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட ரசாயனக் கூடத்தில் உதவியாளராக இருந்தவள் என்பது உனக்குத் தெரியும். கண்ணாடிக் குழாயில் மட்டம் பார்த்தே காலத்தைக் கழித்தவள். ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, கோடு அந்தப் பக்கம் சாஞ்சு தெரியுது. உள்ள தண்ணி ரொம்பி நிக்குது.”

“இது உன் பள்ளிக்கூடத்துக் குழாய் இல்ல. தெரியாத விஷயத்துல தலையிடாத. எறங்கு!”

டாக்டர் காதில் விழுந்தது. முன்பெட்டியே கேட்டது. அவள் மாத்திரையை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு இறங்கினாள். நான் நெருப்புக்கு அடியில் இருக்கும் தட்டைக் கவிழ்க்கும் கம்பியை முழு பலத்தோடு இழுத்தேன், தோள்பட்டை போனது அப்போதுதான். ஆறு மணி நேரம் வளர்த்த நெருப்பு முழுவதும் தண்டவாளத்தில் கொட்டியது. கீழே இருந்த மரக்கட்டைகள் புகைய ஆரம்பித்தன. பயணிகள் குடிக்க வைத்திருந்த தண்ணீர், குளிர்பானம், ஒரு குழந்தையின் பால் புட்டி, எல்லாவற்றையும் கொண்டுவந்து ஊற்றினார்கள். வெல்டர் ஓடி வந்து, குழாய்க்கு மேலே இருந்த சின்னத் திருகைத் திறந்தார். கொதிநீர் சீறிக்கொண்டு வந்தது. தண்ணீர் தீர்ந்தால் என்னென்ன ஆகும் என்று நான் காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தியதில், டாக்டர் என்னிடம் சொல்லாமலேயே வழியெல்லாம் கொதிகலனுக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வெல்டர் திட்டவில்லை. “சார், தண்ணி கழுத்து வரைக்கும் நிக்குது சார்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

இதற்குள் கேட்டுக்கு இருபுறமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. மூடிய கேட்டை ரயில் தாண்டும் முன்பு திறக்கக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. அதை எழுதியவர் செயலாளர். ஒற்றைக் கண்ணோடு கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“ஐயா, இன்ஜின்தான் செத்துப்போச்சே, கேட்டைத் தொறங்களேன்!” என்றார் பஸ் கண்டக்டர்.

“ரயில் இன்னும் தாண்டல.”

“எப்பதான் தாண்டும்?”

“தாண்டும்போது தாண்டும்.”

ஐம்பது நிமிடம். ரொட்டி வண்டிக்காரர் தூங்கியே போனார். ஓட்டுநர் பள்ளிக் காரில் இருந்த வாத்தியார், நின்ற இடத்திலேயே மாணவிக்குக் கியர் பாடம் முழுவதையும் நடத்தி முடித்தார். “அங்க ஒருத்தர் நிக்கிறாரே, பதற்றப்பட்டா அப்படித்தான் ஆகும்” என்று என்னைக் காட்டினார். கடைசியில் வெல்டர் அதிகமான தண்ணீரை வெளியேற்றி, மிச்சமிருந்த நீராவியில் பெரியம்மாவைக் கேட்டுக்கு அப்பால் இருநூறு அடி நகர்த்தி வைத்தார். அவள் தொண்டையைச் செருமுவது போல ஒருதரம் ஊதிவிட்டு அடங்கினாள். நாற்பத்திரண்டு பேரும் உச்சி வெயிலில் மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்தார்கள். உன் தம்பி மனைவியும் நடந்தாள், அந்த முழங்காலோடு. நான் பக்கத்தில் போய் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று வியாழக்கிழமை. இன்னும் பேசவில்லை. வழக்கமாகக் கோபம் என்றால் பாத்திரம் பேசும். இந்தமுறை பாத்திரமும் பேசவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது, மாத்திரை வருகிறது, கேட்டால் தலையசைப்பு வருகிறது. மதியம் ஆனால் பின்னறையில் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என் இன்ஜின் கையேட்டைக் காணோம், பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருப்பாள், போடட்டும். இன்ஜினை நிறுத்தியதற்கு எனக்கு வெட்கமில்லை, யாருக்கும் நடக்கும். சரியாகச் சொன்னவளை நாற்பது பேர் முன்னால் ‘எறங்கு’ என்றேனே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? மன்னிப்புக் கேட்கலாம் என்று ஐந்து நாளாக வாயைத் திறக்கிறேன், கொட்டாவிதான் வருகிறது. களைத்துவிட்டேன், அக்கா. விலகல் கடிதம் எழுதியாகிவிட்டது. பூட்ஸைப் படிக்கு வெளியே வைத்துவிட்டேன். அத்தானின் மீன்களுக்கு நானே தண்ணீர் மாற்றுகிறேன், மட்டம் மட்டும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் காலில் விழுந்து எழ என் முழங்கால் இடம் தராது, விழுந்ததாகவே வைத்துக்கொண்டு, நூறு வருடம் என்னைத் திட்டும் தெம்போடு நீ இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,

உன் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. செயலாளர், வெல்டர், டாக்டர் மூவரும் நின்றார்கள். கொட்டகைச் சாவியைக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று எடுத்து நீட்டினேன். செயலாளர் அதைக் கவனிக்கவே இல்லை, “அம்மா இருக்காங்களா?” என்றார். பின்னறைக் கதவு திறந்தது. கையில் என் கையேடு, பக்கமெல்லாம் பென்சில் குறிப்பு. “நாப்பத்தேழாம் பக்கத்துல தப்பா போட்டிருக்கு, படம் தலைகீழா இருக்கு” என்றாள் வெல்டரிடம். ஐந்து நாளில் இந்த வீட்டில் கேட்ட முதல் வாக்கியம் அதுதான். இனி தண்ணீர் மட்டம் பார்க்கும் பொறுப்பு அவளுக்காம், பலகையில் பெயரே எழுதிவிட்டார்களாம். ஒரே ஒரு நிபந்தனை என்றாள். நான் வரக் கூடாது என்று சொல்லப் போகிறாள் என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். “இவரும் வரணும். வீட்ல விட்டா ஆளாளுக்கு லெட்டர் எழுதியே கொன்னுடுவாரு” என்றாள்.

அவர்கள் போன பிறகு, ஐந்து நாளாக ஏன் பேசவில்லை என்று கேட்டேன். “படிச்சுக்கிட்டிருந்தேன். பேச்சுக் கொடுத்தா மறந்துடும்” என்றாள். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், முடிக்க விடவில்லை. “கேட் வர்ற வரைக்கும் முன்பெட்டி ஜன்னல்ல உங்க மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன். அந்த மூஞ்சிய நான் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? சனிக்கிழமை நாலு மணிக்கு எழுப்புங்க. எறங்குன்னு சொன்ன வாயால எல்லார் முன்னாடியும் ஏறுன்னு சொல்லுங்க, அது போதும்.”

ஆகவே மாடிக்கு வெள்ளை அடிக்க வேண்டாம். பூட்ஸை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். வெல்டர் விட்டுப்போன தொப்பியை அவள் போட்டுப் பார்த்தாள், கொண்டை தாங்குவதால் ஏழு வருடத்தில் முதல்முறையாக அது ஒரு தலையில் சரியாக உட்கார்ந்தது. அவள் பெயரை ஒன்பதாவதாக எழுதியதில், என் பெயர் பலகையில் பத்தாவதாகப் போய்விட்டது. என் முறை வரும்வரை அவள் பார்க்கும் குழாயைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கிறேன், அக்கா, முப்பத்து மூன்று வருடம் அடுத்தவர் பார்ப்பதற்காகக் கண்ணாடி துடைத்தவன்தானே நான்.