எட்டு நாளுக்குள் குறை சொல்ல வேண்டும்

நொய்கெல்ன், பேர்லின்
புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு

பெருமதிப்புக்குரிய மச்சான் சோதிலிங்கம் அவர்களுக்கு, அக்கா புருஷன் விஜயரத்தினம் எழுதிக்கொள்வது.

நான் வேணுமெண்டு செய்யேல்லை. நீர் சுகமோ எண்டு கேக்கவும் தேவையில்லை. முந்தநாள் ரெலிபோனிலை போட்ட சத்தத்திலையே உமக்கு நெஞ்சு, தொண்டை எல்லாம் நல்லாக் கிடக்கெண்டு விளங்கீட்டுது. நாங்களும் நலம். எனக்கு எழுத்து கொஞ்சம் மட்டு எண்டபடியால், நான் சொல்லச் சொல்ல உம்மட அக்கா சுந்தரேஸ்வரிதான் எழுதுறா. ஆகையால் இதிலை பிழை கிழை இருந்தால் அது உம்மட குடும்பத்தின்ர பிழை.

மகளின்ர கலியாணத்தைக் குழப்பிப்போட்டியள் எண்டு கத்தினீர். ஆர் என்னைக் கேட்டது? "அத்தான், நூற்றறுபது கலியாணக் காட்டுக்குக் கையால விலாசம் எழுத ஏலாது, உங்கட கொம்பனியிலை பெரிய கொம்பியூட்டர் கிடக்கெல்லோ, அதிலை அடிச்சுத் தாங்கோ" எண்டு நீர்தானே கேட்டனீர். பெரிசு எண்டது உண்மை. குளிர்ப்பெட்டி அளவிலை ஒரு கறுப்புப் பெட்டி. நான் அந்தக் குழாய்ச் சாமான் அடுக்கி வைக்கிற லாகருக்கு வேலைக்குப் போன நாளிலையிருந்து அது அதே மூலையிலைதான் நிக்குது. மூண்டு முதலாளி மாறீட்டினம், அது மாறேல்லை. ஒரு நாளும் காய்ச்சல் எண்டு லீவு எடுக்கேல்லை. கணக்கு வழக்கெல்லாம் நல்லாப் பாக்கும். ஆனால் அச்சடிக்கச் சொன்னால் அதுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்: சாமானோடை அனுப்புற துண்டு அடிக்கிறது. எதைக் குடுத்தாலும் அதைச் சாமான் துண்டாக்கித்தான் வெளியிலை தள்ளும். நான் கொம்பியூட்டரிலை பெரிய வேலை எண்டு நீர் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சதுக்கு நான் என்ன செய்ய? நான் அந்தப் பிரிண்டருக்குப் பக்கத்திலை நிண்டு கடுதாசி கிழிக்கிறவன். "அப்பிடிச் சொல்லித் திரிஞ்சது தம்பி இல்லை, நீங்கள்" எண்டு அக்கா சொல்லுறா. அதையும் எழுது எண்டிருக்கிறன்.

முதலாளி ஓம் எண்டவர். ஒபிசிலை இருக்கிற மரியமலர்தான் தலையிலை கை வைச்சவள். "அண்ணை, இதிலை விலாசம் மட்டும் தனியா அடிக்க ஏலாது. உங்கட சொந்தக்காரர் எல்லாரையும் வாடிக்கையாளரா ஏத்தவேணும்" எண்டாள். ஏத்து பிள்ளை எண்டன். அவ்வளவுதான், நூற்றறுபது வீடும் குழாய்க் கடையாப் போச்சு. ஒவ்வொரு பேருக்கு முன்னாலையும் "நிறுவனம்" எண்டு அது தன்ரபாட்டுக்குப் போட்டுது. உம்மட பெரியம்மாவும் இப்ப ஒரு நிறுவனம். ஒரு வரிக்கு முப்பது எழுத்துத்தான், அதுவும் எல்லாம் பெரிய எழுத்து, முப்பத்தோராவது எழுத்தை அது கண்ணெடுத்தும் பாக்காது. திருவாளர் திருமதி எண்டு மரியாதை போட்டால் ஆளின்ர பேருக்கு இடமில்லை, பேரைப் போட்டால் மரியாதைக்கு இடமில்லை. பிள்ளையார் சுழி போடாமல் நல்ல காரியம் தொடங்கக்கூடாதெண்டு நீர் படிச்சுப் படிச்சுச் சொன்னனீரெல்லோ, அதையும் ஏத்தினம். அதுக்குத் தமிழ் தெரியாது. கேள்விக்குறி அடிச்சுது. நூற்றறுபது துண்டின்ர உச்சியிலையும் ஒவ்வொரு கேள்விக்குறி. இதுக்குள்ளை ஒவ்வொரு துண்டுக்கும் ஒருக்கா நிண்டு, கடுதாசி நேராக் கிடக்கோ எண்டு திரையிலை கேக்கும். ஓம் எண்டு நான் கீபோட்டிலை கட்டை அமத்தவேணும். உம்மட அக்காகூட என்னை இவ்வளவு தரம் கேள்வி கேட்டதில்லை.

இனி நாகமுத்துவின்ர விசயம். மாப்பிள்ளையைப் பெத்த அந்த மனுசன் எஸ்ஸன் எண்ட ஊரிலை இருந்துகொண்டு ஆறு மாதமா ஒவ்வொரு கிழமையும் ஒரு குறை கண்டுபிடிக்கிறவர். உம்மட மகள் தேனுஜா உயரம் கட்டை எண்டார். பிறகு கறுப்பு எண்டார். பிறகு பொம்பிளைப் பிள்ளை ட்ராம் ஓட்டுறது வடிவில்லை எண்டார். காட்டு அடிக்கக் குடுத்த பிறகும், இன்னும் யோசிக்கவேணும் எண்டார். அந்தப் பெடியன் கவிஷன் பாவம், தேப்பனுக்கு முன்னாலை வாய் திறக்கான். இப்பிடியான ஆளுக்குத்தான் அந்தத் துண்டு போச்சு. நான் ஒளிக்கேல்லை மச்சான், விசயத்தைக் கேளும். கண்ணாடி யன்னல் வைச்ச உறையிலை விலாசம் தெரியவேணுமெண்டால், காட்டோடை முழுத் துண்டையும் மடிச்சுத்தான் வைக்கவேணும். துண்டின்ர அடியிலை எப்பவும் இருக்கிற வசனம் இருந்தது: "சாமான் கையிலை கிடைச்சவுடனை பார்க்கவும். குறை இருந்தால் எட்டு நாளுக்குள்ளை எழுத்திலை அறிவிக்கவும். பிறகு திருப்பி எடுக்கமாட்டோம்." அதுக்குக் கீழை, பெற்றவர் கையெழுத்து எண்டு ஒரு கோடு. அதை அழிக்க ஆராலும் ஏலாது. பிரிண்டரோடை பிறந்த வசனம். எல்லாருக்கும் அதுதான் போச்சு. மற்றவை படிச்சவை, பேசாமல் இருந்திட்டினம். இவர் மட்டும்தான் உமக்கு ரெலிபோன் எடுத்து, "என்ர மகனுக்குப் பொம்பிளை தாறியளோ, குழாய் தாறியளோ" எண்டு கேட்டிருக்கிறார். கலியாணம் நிண்டால் அத்தான்தான் பொறுப்பு எண்டு நீர் சொன்னது அக்காவுக்கும் கேட்டுது. மூண்டு நாளா அவ எனக்குப் பிளேன்ரீ ஊத்தித் தரேல்லை.

ஆகவே மச்சான், நடந்தது முழுக்க மெசினின்ர குறை. நீர் மனம் ஆறவேணும். அதுக்குப் பிராயச்சித்தமா, கலியாணத்துக்கு வாறவைக்கு எந்த மேசையிலை ஆர் இருக்கிறதெண்ட பட்டியலை நானே எங்கட பிரிண்டரிலை அடிச்சு, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கதிரை எண்டு

அக்கா பேனையை வைச்சிட்டு எழும்பிப் போட்டா. "மிச்சத்தை உங்கட பிரிண்டரிலை அடிச்சு அனுப்புங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போறா. இனி என்ர கையெழுத்து, கோணலாத்தான் இருக்கும்.

உமக்கும் மச்சாளுக்கும் தேனுஜாவுக்கும் முருகன் துணை நிக்கட்டும். உம்மட இடுப்பு நாரி நோவுக்கு எண்ணெய் பூசும்.

இப்படிக்கு,
கடுதாசி கிழிக்கிற அத்தான்
விஜயரத்தினம்

பி.கு.: அக்கா குசினிக்குள்ளை. கெதியா எழுதுறன். அந்த வசனத்தை அழிக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் மெசின் இரண்டு கேள்வி கேக்கும். கடுதாசி நேரோ எண்டது ஒண்டு, அடி வசனம் வேணுமோ எண்டது மற்றது. நூற்றைம்பத்தொன்பது தரம் வேண்டாம் எண்டு அமத்தினன். நாகமுத்துவுக்கு மட்டும் வேணும் எண்டு அமத்தினன்.

இண்டைக்குக் காலமை மரியமலர் ஒரு பதிவுத் தபாலைக் கொண்டுவந்து தந்தாள். உமக்குக் கத்தின அண்டைக்கே மனுசன் அந்தத் துண்டின்ர அடிக் கோட்டிலை கையெழுத்து வைச்சு, திகதி போட்டு, தன்ர கடை முத்திரையும் குத்தி, "குறை இல்லை" எண்டு ஜெர்மனிலை எழுதிக் கொம்பனிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அகதிக் காட்டுக்கு வரிசையிலை நிண்ட காலத்துப் பழக்கம் மச்சான். ஜெர்மன் கடுதாசியிலை இத்தனை நாளுக்குள்ளை எண்டு தவணை போட்டிருந்தால் எங்கட ஆக்களுக்குக் கை தன்ரபாட்டுக்குக் கையெழுத்து வைக்கும். துண்டு கிடைச்சு எட்டு நாளும் நேற்றோடை முடிஞ்சுது.

துண்டு என்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை கிடக்கு. இனி அவர் ஒரு குறை சொன்னால் எனக்கு ரெலிபோன் எடும். அக்காவுக்கு மட்டும் சொல்லாதையும், அடுத்த கடுதாசி எழுத எனக்கு ஆள் வேணும்.