பத்தியம் படித்த கோழி

ஒரு காட்டில், டவர் கிடைக்கும் ஒரே பாறைக்குப் பக்கத்தில், சடையன் என்றொரு நாய் இருந்தான். காட்டோரக் கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும், எச்சில் இலைகளில் கிடந்த சால்னாவையும் பால்பாயசத்தையும் சேர்த்து நக்கியிருந்தான். வயிறு சும்மா விடுமா? காலையிலிருந்து ஆறு முறை புதருக்குப் போய்வந்து சுருண்டு படுத்துவிட்டான்.

அவனுடைய உயிர்த்தோழி செவத்தி என்ற கோழி. பள்ளிக்கூட ஜன்னலில் இருபத்தொரு நாள் அடைகாத்தபோது எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள். சுற்றுலாக்காரர்கள் பாறையில் மறந்துவிட்டுப் போன போனில், "நாய்க்கு வயிற்றுப்போக்கு" என்று அலகால் தட்டித் தேடினாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வந்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்வது காட்டிலும் வழக்கம்தான்.

செவத்தி சத்தமாகப் படித்தாள். "ஒரு வேளை பட்டினி. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு குழைந்த சோறு. அதோடு உப்பு, காரம், எண்ணெய் சேர்க்காமல் வேகவைத்த..."

நின்றுவிட்டாள். அடுத்த வார்த்தை 'கோழி'. படிக்கக் கற்றுக்கொண்டதற்காக அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக வருத்தப்பட்டாள்.

"வேகவெச்ச என்ன?" என்று முனகினான் சடையன்.

"மஞ்சள் பூசணி" என்றாள் செவத்தி.

நரி நல்லசாமி கனைத்தான். பட்டணத்தில் ஆறு மாதம் குப்பை கிளறியதை மேல்படிப்பு என்று சொல்லிக்கொள்ளும் ஆசாமி.

"பட்டணத்துல வேற மாதிரியில்ல சொல்லுவாங்க. எங்க, அதை இப்படிக் குடு, நான் பாக்குறேன்."

செவத்தி போனை நீட்டினாள். நல்லசாமி அதைத் தலைகீழாகப் பிடித்தான். நெற்றியைச் சுருக்கினான். நகத்தால் மேலும் கீழும் தள்ளினான். காடே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அட, ஆமா. பூசணின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே" என்றான்.

செவத்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போனை வாங்கி மிச்சத்தையும் படித்தாள்.

"ரத்தம் கலந்து போனாலோ, வாந்தி எடுத்தாலோ, இரண்டு நாளில் நிற்காவிட்டாலோ, உடனே கால்நடை மருத்துவரிடம் போகவும்."

இதில் ஓர் எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை. சடையன் அவள் சிநேகிதன் ஆயிற்றே.

சோறும் பூசணியும் தின்ற சடையனுக்கு மறுநாளே வயிறு கட்டியது. காட்டுக்கு ஒரே மகிழ்ச்சி. அன்றே நல்லசாமியை வைத்தியராக்கினார்கள். 'டாக்டர் நல்லசாமி' என்று பலகை எழுதிக் கொடுத்தவள் செவத்திதான்.

நீதி: படிக்கத் தெரிந்தால் உயிர் பிழைக்கலாம். தெரியாததை ஒப்புக்கொள்ளாவிட்டால் டாக்டரே ஆகலாம்.